நீலமாகாத தண்ணீர்

நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவளுக்குச் ‘சுருக்கக்கா’ என்று பெயர் வைத்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. வைத்தவனுக்குக் குசும்பு அதிகம் என்பது மட்டும் தெரியும். எழுதுவதில்தான் அவள் சுருக்கம். பேச உட்கார்ந்தால் கேட்பவர் மூன்று பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு கசப்பு இருந்தது. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கிடைப்பதை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறாள். அடிபட்டவர் தன் கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை ஒரு தடவைகூட எழுதியதில்லை. “ஏன்யா இப்படிப் பண்ணே?” என்று கேட்கத்தான் பாதிப் பேர் அங்கே வருவார்கள். “சம்பந்தமில்லாத கேள்வி” என்று வக்கீல் எழுந்து நிற்பார். அதையும் அவள் எழுதிக்கொள்வாள். ஒரு நாள் பேனாவை மூடிவிட்டு, போதும் என்று எழுந்து வந்துவிட்டாள்.

அவளோடு பக்கத்து மேசைக்காரனும் எழுந்து வந்தான். அவனுக்கு ‘எதிரொலி’ என்று பெயர். சாட்சி சொன்னதைத் திரும்பப் படிக்கச் சொன்னால், வார்த்தை மட்டுமல்ல, சாட்சி இழுத்த மூச்சுகூட அவன் வாயில் அப்படியே வரும். அவளைவிட நான்கு வயது இளையவன். கூடப் பிறக்காத தம்பி என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். கூடப் பிறந்தவர்கள் அதைக் கேட்டு முகம் சுளித்ததையும் அவள் பொருட்படுத்தவில்லை. சுருக்கெழுத்து என்பது எழுத எழுத ஆளுக்கு ஒரு மாதிரி கோணிக்கொண்டு போகும். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குக் கோழிக் கிறுக்கல்தான். அவள் கிறுக்கலை உலகத்தில் இன்னொரு ஆள் படிக்க முடியும் என்றால் அது அவன்தான். அவள் காய்ச்சலில் படுத்த நாட்களில் அவள் நோட்டை அவன்தான் படித்துத் தட்டச்சு செய்து கொடுப்பான்.

இருவரும் அலைந்து திரிந்து, மாநகராட்சி வார்டு ஆபீஸின் மாடியில் ஓர் அறை கேட்டு வாங்கினார்கள். முன்னால் கண் பரிசோதனை நடந்த அறை அது. பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்து அட்டை இன்னும் சுவரில் தொங்கியது. மேசை கிடையாது. ஆறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். தப்பு செய்தவர், அடிபட்டவர், இருவருக்கும் வேண்டியவர் ஆளுக்கு ஒருவர், பிறகு இவர்கள் இரண்டு பேர். போலீஸுக்குப் போகும் முன்பு, அல்லது போயும் பிரயோஜனம் இல்லை என்று ஆன பின்பு, விருப்பப்பட்டு வருகிறவர்களுக்கான இடம். கேள்வி நான்குதான். என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, யாருக்கு எங்கே வலித்தது, சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அவள் எல்லோரும் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்வாள். முடிவில் அவரவர் சொன்னதை அவரவருக்கே படித்துக் காட்டுவாள். தான் பேசியது இன்னொருவர் வாயில் வரும்போது பாதிக் கோபம் அங்கேயே வடிந்துவிடும் என்பது நீதிமன்றத்தில் அவள் கற்ற ஒரே நல்ல விஷயம். படித்து முடித்ததும் அந்தத் தாளை எல்லோர் கண் முன்னாலும் ஒரு வெள்ளை வாளித் தண்ணீரில் போடுவாள். மைப்பேனா எழுத்து, நிமிஷத்தில் கரைந்து தண்ணீர் நீலமாகிவிடும். “கிழிச்சதை ஒட்டலாம், கரைஞ்சதை ஒட்ட முடியாது. இங்க பேசினது இதோட போச்சு” என்பாள். எதிரொலி வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்க மரத்தடியில் கொட்டிவிட்டு வருவான். இரண்டு வருஷத்தில் அறுபத்திரண்டு வட்டங்கள். மரத்துக்கு நீல இலை முளைக்காததுதான் பாக்கி.

அறுபத்து மூன்றாவது வட்டம் லிஃப்ட் வட்டம்.

மாநகராட்சிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் ஒன்றரை மாடி உயரம் சறுக்கி விழுந்தது. உள்ளே இருந்தவர் ஒரு தபால்காரர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடந்தார். அவர் மனைவி நாலாவது மாடியில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் தையல்காரம்மா. மின்சாரக் கோளாறு என்று லிஃப்ட் கம்பெனி சொல்லிவிட்டது. கேபிள் கோளாறு என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். நேரம் சரியில்லை என்று மூன்றாவது ஆள் சொன்னபோது தையல்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மாசாமாசம் வந்து பார்க்கும் மெக்கானிக் சம்பவத்துக்குப் பிறகு தன்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவதைக் கவனித்து, அவள்தான் வட்டம் கேட்டாள்.

மெக்கானிக்குக்கு முப்பது வயது இருக்கும். வட்டத்துக்கு முன்பு தனியாகச் சந்தித்தபோது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “நான் சொல்றது வெளிய போகாதுல்லக்கா?”

“என் தலை போனாலும் போகாது” என்றாள் சுருக்கக்கா. அவள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிற ஆள் அல்ல. அன்றைக்குச் செய்தாள்.

வட்டம் நடந்த காலையில் அவள் பையைத் திறந்து பேனாவைத் தேடினாள். எதிரொலி சொன்னான், “பேனா கக்கிடுச்சுக்கா. கழுவிக் காய வெச்சிருக்கேன். இன்னைக்கு இத வெச்சு ஓட்டுங்க.” சீவிக் கூராக்கிய பென்சில் ஒன்றை நீட்டினான். அவளும் வாங்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் பென்சில் நீட்டிய கைதானே.

மெக்கானிக் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேசினான். “அந்த மாசம் நான் மேல மெஷின் ரூமுக்கு ஏறவே இல்லம்மா. கீழ நின்னே பார்த்தாச்சுன்னு கையெழுத்து போட்டேன். ஏறியிருந்தா லிஃப்டத் தாங்குற கம்பிக் கயிறு பிரிஞ்சிருக்கறது தெரிஞ்சிருக்கும்.” பிறகு, ஒரு நாளைக்குப் பதினோரு கட்டடம் எழுதிக் கொடுக்கிறார்கள், ஆறுக்கு மேல் பார்க்க மனுஷனால் முடியாது, அதை மேலே சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்றான். “அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்ல வரல” என்றும் சொன்னான்.

தையல்காரம்மா அழவில்லை. “மூணு மாசமா இத ஒருத்தர் வாயால கேக்கத்தான் அலைஞ்சேன்” என்றாள். சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்விக்கு அவளே பதில் சொன்னாள். “மாசம் ஒண்ணாந்தேதி நீ வரணும். என்னையும் மேல கூட்டிட்டுப் போயி, என் கண்ணு முன்னால கயிறப் பாக்கணும். அப்புறம் அவர வீல்சேர்ல வெச்சு லிஃப்ட்ல நீதான் கீழ கூட்டிட்டுப் போகணும். அந்த மனுஷன் பயம் போகணும்.” அவன் தலையாட்டினான். முதல் ஒன்றாம் தேதி வந்தான், சொன்னபடி செய்தான். தபால்காரர் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான்கு மாதத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்தார். சுருக்கக்கா அன்று ஒரு வாரத்துக்கு உண்டான பேச்சை ஒரே நாளில் பேசித் தீர்த்தாள்.

இருபத்தைந்து நாள் கழித்து மெக்கானிக் ஒரு கடிதத்தோடு படியேறி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடிதத்தை நீட்டிவிட்டு எழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கம்பெனி அனுப்பிய கடிதம். சோதனை செய்யாமலே கையொப்பமிட்டதை நீர் ஒப்புக்கொண்டுள்ளீர் என்று ஆரம்பித்து, அவன் அறையில் பேசிய மூன்று வாக்கியங்கள் மாறாமல் இருந்தன. வருகிற திங்கட்கிழமை மாநகராட்சி அதிகாரி முன்னிலையில் விசாரணை. வேலைநீக்கம், அதன் பிறகு போலீஸ் வழக்கு. பதினோரு கட்டடம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“உங்க தலை இருக்குக்கா” என்றான் மெக்கானிக். “என் வேலைதான் போச்சு.”

அவள் கடிதத்தை மடித்துவிட்டு ஆட்களை எண்ண ஆரம்பித்தாள். வட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். மெக்கானிக் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள மாட்டான். அவனோடு வந்த அவன் மாமாவும் சொல்லியிருக்க மாட்டார். தையல்காரம்மாவோடு வந்த நாத்தனாருக்குக் காது பாதிதான் கேட்கும். எண்ணிப் பார்த்தால் யார் மிஞ்சுகிறார்கள்? தையல்காரம்மாதான். கோபம் ஆறியது மாதிரி இருந்து மறுபடி கிளம்பியிருக்கும் என்று சுருக்கக்கா முடிவு கட்டினாள். எதிரொலியிடம் சொன்னபோது அவனும் “இருக்கும்க்கா, மனுஷ மனசு” என்றான். அவனைச் சந்தேகிக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு எழவில்லை. தன் வலது கையை யாராவது சந்தேகப்படுவார்களா?

அன்றைக்கே நாலு மாடி ஏறினாள். தையல்காரம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் தபால்காரர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சுருக்கக்கா கடிதத்தைக் காட்டி, “இது எப்படி வெளிய போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். சுற்றி வளைத்துக் கேட்டதாக அவள் நினைப்பு. முகத்தில் அடித்த மாதிரிதான் விழுந்தது.

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “என்னைச் சந்தேகப்பட்டு வந்தீங்களா?”

“இல்லம்மா, அப்படி இல்ல...”

“அவன மாட்டி விடணும்னா அன்னைக்கே போலீஸுக்குப் போயிருப்பேன். நாலு மாடி இறங்கி உங்க ரூமுக்கு எதுக்கு வரணும்? போன ஒண்ணாந்தேதி என் வீட்டுக்காரரு எத்தனை நாள் கழிச்சு வெயில்ல உக்காந்தாரு தெரியுமா? அதைக் கெடுத்துக்குவேனா நான்?”

 சுருக்கக்கா மன்னிப்புக் கேட்டாள். தையல்காரம்மா துணியை மடித்தாள். துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“அன்னைக்குத் தண்ணி ஏன் நீலமாகல?”

“எந்தத் தண்ணி?”

“வாளித் தண்ணி. தண்ணி நீலமாயிடும், அதோட பேச்சு போச்சுன்னு முன்னாடியே சொன்னீங்கல்ல. நான் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். சாயம் போகுமா போகாதான்னு பாத்துப் பழகின கண்ணு. உங்க தம்பி தூக்கிட்டுப் போறப்பகூடத் தண்ணி குடிக்கலாம் போலத்தான் இருந்துச்சு. நாலு பேர் முன்னாடி கேக்க வேணாம்னு விட்டுட்டேன்.”

பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையும் சொல்லும். வாளியில் அதைப் போட்ட கை அவளுடையது, பார்த்த கண்ணும் அவளுடையது. பழக்கதோஷத்தில் “இதோட போச்சு” என்று சொன்ன வாயும் அவளுடையதுதான்.

படிக்கட்டில் நின்று கடிதத்தை மறுபடி படித்தாள். ‘நீண்ட மௌனத்துக்குப் பின், தன் காலணியைப் பார்த்தபடி’ என்று ஓர் இடம். அதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. அது நீதிமன்றப் பழக்கம். பேசுகிறவர் தயங்கினால், தலை குனிந்தால், அவள் அடைப்புக்குறி போட்டு எழுதிக்கொள்வாள். படித்துக் காட்டும்போது அடைப்புக்குறியை விட்டுவிடுவாள். அது தாளில் மட்டும்தான் இருக்கும். அந்தத் தாளைப் படிக்க உலகத்தில் இரண்டே பேர்.

கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்கள். அவள் அதை எத்தனையோ வழக்கில் எழுதியிருக்கிறாள். வாக்குமூலத்தில் அது வெறும் நான்கு வார்த்தை. இன்றைக்கு அது அவளுக்கே நடந்திருந்தது.

அறைக்குத் திரும்பினாள். எதிரொலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“பேனா கக்குச்சாடா?”

அவன் துணியை மடித்து வைத்தான். பொய் சொல்லவில்லை, அதை மட்டும் அவன் கணக்கில் வைக்க வேண்டும். “கக்கலக்கா” என்றான்.

“வட்டத்துக்கு முன்னாடியே கேட்டாங்களா?”

“ஆமா.” உட்கார்ந்தான். “மாநகராட்சி அதிகாரி கூப்பிட்டு அனுப்பினாரு. ஊர் பூரா பன்னெண்டு வார்டுலயும் இந்த மாதிரி ரூம் தொறக்கப் போறோம், நீங்க ரெண்டு பேருதான் பொறுப்புன்னாரு. அதுக்குப் பதிலா இந்த லிஃப்ட் விஷயத்துல ஒரே ஒரு தாள்தான் கேட்டாரு. யோசிச்சுப் பாருங்கக்கா, பன்னெண்டு ரூம். எத்தனை சனத்துக்கு வழி பொறக்கும். அதுவும் அவன் செய்யாததையா நான் சொன்னேன்? செஞ்சதத்தானே.”

“செஞ்சத அவன் உனக்காகவா சொன்னான்? நான் குடுத்த வாக்குக்காகச் சொன்னான்.”

 முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். பிறகு யாரும் கேட்காமலே சொன்னான். என்ன நடந்தது என்று சொன்னான். அப்போது தன் மனசில் என்ன ஓடியது என்று சொன்னான். மெக்கானிக்குக்கும் தையல்காரம்மாவுக்கும் அக்காவுக்கும் எங்கே வலித்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இரண்டு வருஷத்தில் அறுபத்து மூன்று வட்டத்தில் இவ்வளவு திருத்தமாக யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. அக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. பைத்தியக்காரி, தான் கற்றுக்கொடுத்த பாடம் தனக்கே ஒப்பிக்கப்படுகிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

“சரிபண்ண என்ன செய்யப் போறே?” என்று நான்காவது கேள்வியை அவளே கேட்டாள். “திங்கக்கிழமை விசாரணைக்கு வா. அந்தத் தாள் எப்படி வெளிய போச்சுன்னு உன் வாயால சொல்லு. ஏமாத்தி எடுத்த தாள்னு தெரிஞ்சா அத வெச்சு அவன ஒண்ணும் பண்ண முடியாது.”

“வர்றேன்க்கா” என்றான் எதிரொலி.

அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்தாள். “வர்றான். அவனே சொல்லிடுவான். பயப்படாதே.” மெக்கானிக் அவளைப் பார்த்து, “நீங்க சொன்னா சரிக்கா” என்றான். இரண்டாவது தடவையாக அவளை நம்பினான்.

திங்கட்கிழமை மாநகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தையல்காரம்மா மெஷினை மூடிவிட்டு வந்திருந்தாள். சுருக்கக்காவோடு அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. மெக்கானிக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். சுருக்கக்கா படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரை ஆயிற்று. எதிரொலி வரக் காணோம்.

கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலை அவள் இருபத்திரண்டு வருஷம் பக்கத்து மேசையில் கேட்டிருக்கிறாள். அவன் அவர்களுக்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தான்.

“அந்த மாசம் நான் மேல மெஷின் ரூமுக்கு ஏறவே இல்லம்மா” என்று அவன் படித்தான். நிறுத்தினான். நிறுத்திய இடம் மெக்கானிக் நிறுத்திய அதே இடம், அதே நீளம். “கீழ நின்னே பார்த்தாச்சுன்னு கையெழுத்து போட்டேன்.” குரல் அடைத்தது, மெக்கானிக்குக்கு அடைத்த அதே எழுத்தில். வர்றேன் என்று சொன்னவன் வந்துவிட்டான். தாளைப் படித்துக் காட்டும் ஆளாக வந்திருந்தான்.

மெக்கானிக் பெஞ்சில் அசையாமல் கேட்டான். “என்னைய விட நல்லா சொல்றாருக்கா” என்றான்.

சுருக்கக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசை. சுருங்கிக் காய்ந்த தாள் ஒரு கண்ணாடி உறைக்குள் இருந்தது. எதிரொலி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இது உங்க எழுத்துதானா?” என்று அதிகாரி கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரும் வழியெல்லாம் அதை யோசித்திருந்தாள். ஆனால் எழுதிய எழுத்தை இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாம் போன பிறகு அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

“என் எழுத்துதான். யாருக்கும் காட்ட மாட்டேன்னு வாக்குக் குடுத்து எழுதினது. என்னை ஏமாத்தி எடுத்திருக்கு.”

“அவர் படிச்சது சரியா?”

“சரி. ஆனா பாதி. கீழ இன்னும் பதினேழு வரி இருக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு கட்டடம்னு அவரு சொன்னது இருக்கு. வெளிய உக்காந்திருக்கிற அம்மா சொன்னது இருக்கு.”

“அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது” என்று சொல்லிவிட்டு அதிகாரி பேனாவை மூடினார்.

அவள் நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். பதினோரு கட்டடத்தைப் படித்தாள், ஒன்றாம் தேதியைப் படித்தாள், அந்த மனுஷன் பயம் போகணும் என்பதைப் படித்தாள். கோப்புகளை அடுக்கினார்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எதிரொலியின் உதடு மட்டும் அவளோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்தது. கடைசி வரிவரை அசைந்தது.

வெளியே வராந்தாவில் அவன் பின்னாலேயே வந்தான். “அக்கா, நான் வராட்டி வேற யாரையாவது வெச்சுப் படிச்சிருப்பாங்க. தப்பும் தவறுமா படிச்சிருப்பாங்க. நமக்குள்ள ஒரு வட்டம் போட்டுப் பேசிக்கலாம்க்கா.”

“போடலாமே” என்றாள் சுருக்கக்கா. “எதால எழுதட்டும், பேனாவாலயா, பென்சிலாலயா?”

அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே வாசலில் மெக்கானிக்கும் தையல்காரம்மாவும் நின்றார்கள். முடிவை அப்போதே எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நான்காக மடித்து வைத்திருந்தான். சுருக்கக்கா அவன் எதிரில் போய் நின்றாள். 

தையல்காரம்மாதான் பேசினாள். அவளுக்கு வேலைநீக்கம், வழக்கு எல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. “நாளைக்கு ஒண்ணாந்தேதி. அவரு காலையிலேயே சட்டை போட்டுட்டு உக்காந்துடுவாரு. வருவேல்ல?”

மெக்கானிக் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“மெஷின் ரூம் சாவிய வாங்கிட்டாங்கம்மா” என்றான்.